எலிசியோ சார் பகிர்ந்த தேர்வு

"இது எட்டாங்கிளாஸ் டெஸ்டா சார்? எங்க வீட்டுச் சின்னதுகூட இதைச் செய்யும்!"

ரெய்னான் மடிக்கணினியை எல்லோர் பக்கமும் திருப்பிக் காட்டினார். மீன், படகு, தேங்காய் என்று படங்கள். எதிரே ஆங்கிலச் சொற்கள். கோடு போட்டுச் சேர்க்க வேண்டும்.

ஆசிரியர் அறையே சிரித்தது. ஒருவருக்குப் பான்டெசால் ரொட்டி புரையேறிவிட்டது.

இலோய்லோ நகரில் உள்ள அந்த அரசுப் பள்ளியில், எட்டாம் வகுப்பின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஆங்கில ஆசிரியர். முறை வைத்துத் தேர்வு தயாரித்து, ஆசிரியர்களுக்கான பொதுச் செயலியில் ஏற்றுவார்கள். மற்றவர்கள் அதை எடுத்து அச்செடுத்துக்கொள்வார்கள். இந்தத் தடவை எலிசியோவின் முறை.

"என் கிளாஸ்ல பாதிப் பேருக்கு எழுத்தே தெரியல," என்றார் எலிசியோ, தலை நிமிராமல். "வழக்கமான டெஸ்ட் வச்சா வெறும் தாளைக் குடுக்குறாங்க. போன வாரம் இதை வச்சுப் பாத்தேன். லூர்தெலின்ங்கிற பொண்ணு முதல் தடவையா பேனாவைத் திறந்தா. இனி ஒரு பூஜ்யம் வாங்கினா, மீன் மார்க்கெட்ல உக்கார வச்சிடுவேன்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க."

"எங்க கிளாஸ்ல அப்படி யாரும் இல்லப்பா!" என்றார் ரெய்னான்.

எல்லோரும் அவசரமாகத் தலையாட்டினார்கள்.

துறைத் தலைவி ஹெர்மினியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கும் ஒரு வகுப்பு உண்டு.

"எழுத்துத் தெரியாமலா எட்டாவது வரைக்கும் வந்தாங்க? பாஸ் போட்டவங்க எல்லாம் முட்டாளா? மேலதிகாரிங்க கண்ணுல இது பட்டா நம்ம ஸ்கூல் மானம் கப்பலேறிடும். இப்பவே ஷேரை எடுங்க சார். வெள்ளிக்கிழமை நான் தர்ற டெஸ்ட்தான், உங்க கிளாஸுக்கும் சேத்து."

"மேடம், அந்தப் பொண்ணு..."

"எடுங்க சார்."

எடுத்தார். இனி அவர் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்கு அது திறக்கும்.

மணி அடித்தது. எல்லோரும் வகுப்புக்குப் போனார்கள். அந்த வேளையில் எலிசியோவுக்கு மட்டும் வகுப்பில்லை. வெள்ளிக்கிழமை லூர்தெலின் நீட்டப்போகும் வெள்ளைத் தாளை நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் பாடம் நடத்தி என்ன கிழித்தோம் என்று இருந்தது.

கைபேசி ஒலித்தது. செயலிதான். 'ரெய்னான் இந்தத் தேர்வைத் திறக்க அனுமதி கேட்கிறார்.'

கீழே ஒரு குறிப்பு. 'சார், நாளைக்கு என் கிளாஸுக்கு வேணும். மனசுல வச்சுக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.'

எலிசியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுமதி கொடுத்தார்.

மறுபடி ஒலித்தது. ரொட்டி புரையேறியவர். மறுபடி. மறுபடி. சிரித்த ஒருவரும் பாக்கியில்லை. எல்லோரும் கடைசியில் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: யாரிடமும் சொல்லாதீர்கள்.

எல்லோருக்கும் கொடுத்தார்.

கடைசியாக வந்த பெயர் ஹெர்மினியா.

'வெள்ளிக்கிழமை டெஸ்ட்டுல மாற்றமில்ல. ஆனா இதை எனக்கு மட்டும் திறந்து விடுங்க சார். உங்க கிளாஸ்ல பாதிப் பேர்தானே? என் கிளாஸ்ல முக்கால்வாசி.'