அம்மன் அட்டைக்குள் டிரம்பெட்

அதைக் கண்டதும் அவள் முதலில் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

யாரும் கவனிக்கவில்லை. பழைய ரெக்கார்டுக் கடைக்காரர் வாசலில் நின்று போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

மேலே ஆங்கில உச்சரிப்புப் பாட ரெக்கார்டுகள். அவற்றுக்குக் கீழே மேடைப் பேச்சுகள். அதற்கும் கீழே, சுவரோரமாக, அது கிடந்தது. மூட்டு வலியை மறந்து தரையில் உட்கார்ந்து கிளறுகிற அவளைப் போன்றவர்களைத் தவிர அங்கே யார் கை வைக்கப்போகிறார்கள்?

மெதுவாக உருவினாள்.

அதே கறுப்பு வெள்ளைப் படம். டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கும் அதே மனிதர்.

இந்த அட்டை அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அட்டை மட்டும்.

ரெக்கார்டு ஜெபசிங்கிடம் இருக்கிறது.

எல்லாம் முன்பு ரெக்கார்டு விற்ற சந்துக்கடை பாய் செய்த வேலை. காலி அட்டைகளைத்தான் வெளியே அடுக்கியிருப்பார். ரெக்கார்டுகள் உள்ளே பீரோவில் பத்திரமாக இருக்கும். ஒரு மழை நாளில், கரண்ட் போன நேரத்தில், இரண்டு அட்டைகளுக்கு ரெக்கார்டுகளை மாற்றிப் போட்டுவிட்டார்.

அவள் ஆசையாக வீட்டுக்கு வந்து ஊசியை வைத்தாள். உடுக்கைச் சத்தத்தோடு அம்மன் பாட்டு வந்தது.

ஜெபசிங் டிராயிங் மாஸ்டர். ஜாஸ் என்றால் என்னவென்றே தெரியாத மனிதர். தான் வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு ஆடி மாதத்துக்காக அம்மன் பாட்டு வாங்கிப் போனவர், கீறல் இருக்கிறதா என்று ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறார். டிரம்பெட் வந்தது. அன்றைக்கு விழுந்தவர்தான்.

மறுநாள் கடையில் இருவரும் மோதிக்கொண்டார்கள். வீட்டுக்கார அம்மாவுக்கு வேறு அம்மன் பாட்டு வாங்கிக் கொடுத்துக்கொள்கிறேன், இதைத் தரமாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அப்படியானால் அட்டையைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாது என்றாள் அவள். பாய் சாப்பிடப் போகவேண்டும் என்று சொல்லி இருவரையும் வெளியே அனுப்பி ஷட்டரை இறக்கினார்.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் மொபைல் கவர் விற்கிறார்கள்.

சண்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

பாடல்களின் பெயரும் வாசித்தவர்களின் பெயரும் அட்டையின் பின்பக்கத்தில்தான் இருந்தன. அதைப் படிக்காமல் அவரால் இருக்க முடியவில்லை. ரெக்கார்டைக் கேட்காமல் அவளாலும் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அட்டையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அடுத்த ஞாயிறும் போனாள். இருவர் வீட்டிலும் காத்திருக்க ஆள் இல்லை.

அவர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு படிப்பார். எல்லாம் மனப்பாடம்தான். ஆனாலும் படிப்பார். அதற்குள் கிடக்கும் அம்மன் ரெக்கார்டுக்கும் ஒரு உள்ளுறை செய்து கொடுத்திருக்கிறார். பட்டர் பேப்பரை வெட்டி, ஓரத்தை ஒட்டி, மூலைகளைச் சாய்வாகக் கத்தரித்து, அவரே செய்வது. அதை அவள் எப்போதும் திறந்த வாய் பக்கவாட்டில் இருக்கும்படிதான் செருகிவைப்பாள். அவர் எப்போதும் உச்சுக்கொட்டி, வாயை மேலே பார்க்கத் திருப்புவார். அப்போதுதான் தூசி போகாதாம், ரெக்கார்டு நழுவாதாம்.

கிளம்பும்போது, அட்டையைக் கொடுத்துவிடுங்கள் மேடம் என்பார்.

ரெக்கார்டைக் கொடுங்கள் சார் என்பாள்.

பிறகு அடுத்த ஞாயிறு.

இப்போது அதே அட்டை இன்னொன்று அவள் கையில். உள்ளே கனம் தெரிந்தது. ரெக்கார்டும் இருக்கிறது.

வாங்கினால் முழுசாக அவளுடையது. இன்று மாலையே வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து கேட்கலாம். யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.

அட்டையைக் கக்கத்தில் இடுக்கப் போனவள், மறுபடி மடியில் வைத்தாள்.

போய் நிற்கத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருடத்தில் இதை அவள் தனக்குக்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

சரி, கீறலாவது இருக்கிறதா பார்ப்போம் என்று அட்டைக்குள் விரலை விட்டாள்.

பழைய தாள் தட்டுப்படவில்லை. வழவழவென்று புதுத்தாள்.

பட்டர் பேப்பர். மூலைகள் சாய்வாகக் கத்தரிக்கப்பட்டிருந்தன. வாய் மேலே பார்த்திருந்தது.

அந்த மூலைகளை அவள் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

போனை முடித்துவிட்டு வந்த கடைக்காரர் அவள் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"அதுவா மேடம்? வயசான சார் ஒருத்தர், மாசாமாசம் வருவாரு. இருக்கானு குனிஞ்சு பார்ப்பாரு. வாங்க மாட்டாரு. இருந்துச்சுன்னா ஒரு சிரிப்பு சிரிச்சிட்டுப் போயிடுவாரு."

வேண்டுமானால் விலை குறைத்துத் தருவதாகவும் சொன்னார்.

வேண்டாம் என்று தலையசைத்தாள். சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. தூசி என்று கடைக்காரர் நினைத்திருப்பார். கடை முழுக்கத் தூசிதான்.

சும்மா போக மனமில்லாமல் ஒரு உச்சரிப்புப் பாட ரெக்கார்டை வாங்கிக்கொண்டாள்.

பிறகு மறுபடியும் தரையில் உட்கார்ந்தாள். டிரம்பெட்காரரைச் சுவரோரம் இருந்த இடத்திலேயே வைத்தாள். மேலே மேடைப் பேச்சுகள். அதற்கு மேலே உச்சரிப்புப் பாடங்கள்.

எழுந்தவளுக்கு என்ன தோன்றியதோ, மீண்டும் குனிந்தாள். எல்லாவற்றையும் விலக்கி அதை மறுபடி வெளியே எடுத்தாள்.

உள்ளுறையை உருவி, வாய் பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பிச் செருகினாள்.

அடுத்த மாதம் வருகிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.