வெர்னனின் முதல் வெட்டு

“ரம்பத்தைக் கடையில வாங்கியிருந்தா மூணு வருஷம் முன்னாடியே கல் வெட்டியிருக்கலாமேப்பா,” என்றார் வெண்டல். ஓரிகன் மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில், கல் சேகரிப்போர் சங்கத்தின் தலைவர் அவர்.

“வாங்கறவன் சோம்பேறி. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை வெச்சு நானே செஞ்சேனாக்கும்!” என்றார் வெர்னன்.

பிறகு, தான் மலையில் பொறுக்கிய கல்லை ரம்பப் பெட்டிக்குள் இறுக்கி, மூடியைச் சாத்தி, மோட்டாரைப் போட்டார். “ஒரு மணி நேரம் திறக்கக் கூடாது. எண்ணெய் தெறிக்கும்.”

“ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து கேக் சாப்பிடுங்க. நான் பார்த்துக்கறேன்,” என்றாள் வெர்னனின் மனைவி ஜோலீன்.

வாசலில் வெர்னன் கேக்கோடு தன் புகழையும் ஒரு மணி நேரம் பரிமாறினார்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தால், கல் இரண்டு பாதியாக, நீலமாக ஜொலித்தது.

“பார்த்தீங்களா! சங்கமே கூடிக் கேலி பண்ணீங்களே!”

வெண்டல் ஒரு பாதியைத் தடவினார். “கண்ணாடியாட்டம் இருக்கே! என் ரம்பம் வெட்டினா சொரசொரன்னு கோடு விழும். உன்னுது பாலிஷும் போட்டுடுதா?”

பதில் சொல்ல வாயைத் திறந்த வெர்னன், கல்லின் அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணியைப் பார்த்தார். ஹால் அலமாரியில் புத்தகங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஜோடிக் கல்!

ஜோலீனின் ஏப்ரன் பாக்கெட்டில் ஏதோ முழுக் கல்லாட்டம் கனமாகத் தொங்கியது. அவள் கண்ணாலேயே சுவரைக் காட்டினாள். மோட்டாரையும் ரம்பத்தையும் இணைக்க வேண்டிய பெல்ட், இன்னும் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“பாலிஷ்... அது தொழில் ரகசியம்,” என்றார் வெர்னன்.

ஹாலில் புத்தகங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழும் சத்தம் கேட்டது.