மஞ்சள் தடவிய பத்திரிகை

மண்டபத்தின் பின்வாசலில் ஆறு நீல டிரம்களோடு நின்றாள்.

இன்றைக்கு விட்டால் ஒரு மாதம் போச்சு. ஆனியின் கடைசி முகூர்த்தம். நாளை மறுநாள் ஆடி பிறக்கிறது. மண்டபங்களுக்கெல்லாம் பூட்டு.

நாய்களின் வயிற்றுக்கு ஏது ஆடியும் ஆவணியும்?

நாற்பது நாய்களுக்கென்று தொடங்கிய காப்பகம். இப்போது நூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. ‘இடமில்லை’ என்று எழுதி கேட்டருகே பலகை நட்டாள். அந்தப் பலகையின் கம்பத்திலேயே கட்டிவிட்டுப் போகிறார்கள். நேற்றுகூட ஒன்று. மூன்று கால்தான் அதற்கு. வாலை மட்டும் நாலு நாய்க்குச் சேர்த்து ஆட்டுகிறது.

துரத்த மனசு வரவில்லை. என்றைக்கு வந்தது?

கல்யாணச் சோற்றுக்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை அவளுக்கென்று எடுத்து, வீட்டுக்குப் போகிற வழியில் காப்பகத்து கேட்டில் தொங்கும் தபால் பெட்டியில் போட்டுவிடுவார். தேதியையும் மண்டபத்தின் பெயரையும் மட்டும் கத்தரித்து நாட்காட்டியில் ஒட்டிக்கொள்வாள். மிச்ச அட்டை குட்டிகள் கடித்து விளையாட.

யார் மகன், யார் மகள் என்று பார்த்ததே இல்லை. சோறு எங்கே, என்றைக்கு. அவ்வளவுதான்.

கதவு திறந்தது. சமையல் மாஸ்டர் துரைக்கண்ணு.

“வாம்மா. இன்னிக்கு ஒனக்கு யோகம்தான்.”

நான்கு அண்டாக்கள் வாழையிலை மூடிக் கிடந்தன. இலையை விலக்கினாள். வெறும் வெள்ளைச் சோறு. சாம்பார் படவில்லை, ரசம் படவில்லை. ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டாள். உப்புகூட இல்லை.

அவளுக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. சாம்பார் கலந்தது சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். வெறும் சோற்றை மாடியில் பரப்பிக் காய வைத்தால் மூட்டை கட்டலாம். வேண்டும்போது வேகவைத்துப் போடலாம். ஆடியின் முதல் வாரத்தைத் தள்ளிவிடலாம். அதற்குள் கோயில்களில் கூழ் ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். அதையும் அவள் விடுவதாக இல்லை.

“உப்பு போட மறந்துட்டியா மாஸ்டர்?”

“நானா மறப்பேன்? மாப்ள நேத்தே வந்து நின்னு சொல்லிட்டாரும்மா. நாலு அண்டா தனியா வடிக்கணும், உப்பு போடக்கூடாது, பின்பக்கம் வருவாங்க, குடுத்துடுங்கன்னு. கல்யாண நேரத்துல மனுசனுக்கு இன்னா கவல பாரேன்.”

சொல்லிக்கொண்டே, எப்போதும்போலத் தாம்பூலப் பை ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

பையில் பச்சை எழுத்தில் இருந்தது.

தணிகைவேல் – ஹேமலதா.

அவளுடைய தம்பி. ஒரே தம்பி.

நான்கு வருடங்களுக்கு முன், அம்மா வாழ்ந்த வீட்டை நாய்களுக்குத் திறந்துவிட்டாள் என்று சண்டை போட்டுக்கொண்டு போனவன். இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றான். மிதிக்கவில்லை. பேச்சுவார்த்தையும் இல்லை.

பத்து நாட்களுக்கு முன் பெட்டியில் கிடந்த ஒரு பத்திரிகை நினைவுக்கு வந்தது.

நான்கு மூலையிலும் மஞ்சள்.

அச்சகத்திலிருந்து வருவதில் மஞ்சள் இருக்காது. அழைப்பவர்கள்தான் மஞ்சள் தடவுவார்கள். அன்று கத்தரிக்கோலில் ஒட்டிய மஞ்சளைப் புடவையில் துடைத்துவிட்டு, சனியன் என்று முணுமுணுத்துக்கொண்டே தேதியை வெட்டி எடுத்தாள். மிச்சத்தைக் குட்டிகளிடம் போட்டாள்.

தம்பியின் பெயரைக் குட்டிகள் கடித்துக் குதறிவிட்டன.

மாஸ்டர் பேச்சை விடவில்லை. “மூணாவது முடிச்சு போட ஆளில்ல, போ. எங்கக்கா வந்துடும், எங்கக்கா வந்துடும்னு ஐயரையே நிறுத்தி வெச்சிட்டாரு. நேரம் முடியப்போவுதுன்னு கடைசில பெரியப்பா பொண்ணு போட்டுச்சு.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அழுதுகொண்டே டிரம்மை அண்டாவின் பக்கம் இழுத்தாள். சோறு இன்னும் சூடாக இருந்தது. அப்படியே மூடிக் கிடந்தால் வேர்த்துக் கெட்டுவிடும். தம்பி கல்யாணம் என்று சோறு காத்திருக்குமா?

ஆறு டிரம்மும் நிறைந்தன. மாஸ்டர் ஒன்றும் புரியாமல் ஒரு கை பிடித்தார்.

லோடு ஆட்டோக்காரனிடம் சொன்னாள். “காப்பகத்துல வேலைக்கிருக்கற மல்லிகா மாடியப் பெருக்கி வெச்சிருப்பா. ஒடனே கொட்டி ஆத்தச் சொல்லு. நான் பஸ்ல வரேன்.”

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தாள்.

பிறகு பாத்திரம் கழுவும் குழாயில் முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். முந்தானையில் இரண்டு நாய்ப் பாதங்களின் சேற்றுத் தடம். தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

போகாவிட்டால் போகட்டும்.

சமையல்கட்டு வழியாகவே உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. மதிலைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள்.

வாழைமரம். பன்னீர்ச் சொம்பு. பட்டுப்பாவாடையில் ஒரு சின்னப் பெண். அது இவள் புடவையை மேலும் கீழும் பார்த்தது. சந்தனக் கிண்ணத்தை நீட்டுவதா வேண்டாமா என்று யோசித்தது.

உள்ளே, மேடையில் அவன் மாலையோடு நின்றிருந்தான். போட்டோக்காரர் இந்தப் பக்கம் பாருங்க சார், இந்தப் பக்கம் பாருங்க சார் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?” என்றது அந்தப் பெண்.

அவள் கிண்ணத்தில் விரலை வைத்துச் சந்தனத்தை எடுத்துக்கொண்டாள்.

“மாப்ளைக்கு அக்கா,” என்றாள். “பத்திரிகை வெச்சிருக்காங்க.”