தலைமையுரைக்குப் பிறகு எரிகற்கள்

வால்மீன் ஒன்று விட்டுப்போன தூசியால் அன்று விடியலுக்கு முன் எரிகல் மழை வந்தாலும் வரலாம் என்றுதான் விஞ்ஞானிகள் சொல்லியிருந்தார்கள். வந்தே தீரும் என்று உறுதியளித்தவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஞானசிகாமணி. மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்திருந்த நாற்பது பேருக்கும் மூடநம்பிக்கை ஒழிப்பு பற்றி முக்கால் மணி நேரம் தலைமையுரை ஆற்றினார். அவர் மனைவி உலகம்மாள் மட்டும் கறிவேப்பிலைத் தொட்டியை இடுப்பில் சுமந்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எரிநட்சத்திரத்தைப் பார்த்தால் மறதி வரும், உடனே பச்சையைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஊர் வழக்கம்.

“ஏட்டி, மானத்த வாங்காத. தூசிக்குப் பயந்து செடியத் தூக்கிட்டு வந்திருக்கா பாருங்க!” என்றார். மாடியே சிரித்தது.

“நீங்களும் ஒரு பார்வை பாத்து வைங்க. வயசாகுதுல்லா?”

அவர் பார்க்கவில்லை. முதல் கீற்று விழுந்ததும் உரக்க எண்ணத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் எழுந்தது. ஒவ்வொன்றுக்கும் உலகம்மாள் இலைப்பக்கம் திரும்பினாள். பதினேழுக்குப் பிறகு அவர் “ஒன்று” என்றார். அடுத்ததற்கும் “ஒன்று” என்றார். இப்போது யாரும் கைதட்டவில்லை.

உலகம்மாள் அவர் தோளைத் தொட்டாள். முப்பது வருடத்தில் அவளை ஒருமுறைகூட மரியாதையாக அழைத்திராத மனிதர் கைகூப்பி எழுந்து நின்றார்.

“வாங்கம்மா, உக்காருங்க. நீங்க எந்த வீடு?”

உதவிக்கு ஆள் கூப்பிட அவள் திரும்பினாள். பாய்களில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் பணிவாகப் பெயர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தன் மடியில் கிடந்த கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து, இது யாருடையது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தாள்.