கதவு சொன்ன இடம்

பார்வையில்லாத நறுமுகைக்குக் கண்ணாமூச்சியில் ஒரே குறைதான்: அப்பா தணிகாசலம் வேண்டுமென்றே இருமித் தோற்றுப்போவார். "இருமுனா நான் ஆட்டத்துக்கே வரல, போங்க" என்று இன்று சண்டை போட்டுச் சத்தியமே வாங்கிவிட்டாள்.

அவர் ஒளிந்துகொண்டார். வாசல் முழுக்கத் தேடினாள். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தோற்றுவிடுவோமோ என்று முதல் முறையாகப் பயம் வந்தது. அந்தப் பயம்கூட இனிப்பாகத்தான் இருந்தது.

காரில் கை பட்டதும் நின்றாள். காலையில்தான் அதன் பின்கதவுகளுக்குப் புதுக் கைப்பிடி மாட்டியிருந்தார்கள். சாவி அந்தக் கதவின் பக்கமே இருந்தால்தான், தொட்டவுடன் பூட்டு திறக்கும். சாவி எப்போதும் அப்பாவின் சட்டைப்பையில்தான் கிடக்கும்.

இடப்பக்கக் கதவைத் தொட்டாள். ஒன்றுமில்லை. டிக்கியைச் சுற்றிக்கொண்டு போய் வலப்பக்கக் கதவைத் தொட்டாள். டக்.

முன்கதவோரம் குனிந்து கையை வீசினாள். அப்பாவின் வழுக்கைத் தலை அகப்பட்டது.

"நான் இருமவே இல்லையேடி! எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அதெல்லாம் சொல்ல மாட்டேன். திரும்ப ஒளிஞ்சுக்குங்க."

சிரிப்பை அடக்கியபடி சுவர்ப்பக்கம் திரும்பிய நறுமுகை, இரண்டு கைகளாலும் கண்களை இறுகப் பொத்திக்கொண்டு உரக்க எண்ணத் தொடங்கினாள்.