நெருப்புக்காரர் பேரன்

தீக்குச்சியை உரசி நூலின் நுனியில் வைத்தான். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கை நீட்டி மோந்து பார்த்தாள்.

மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவள். விலையைப் பற்றி மூச்சு விடவில்லை. உங்கள் தாத்தா செய்ததுபோல நூலைக் கொளுத்திக் காட்டினால் போதும் என்றாள்.

அந்தக் கடையின் சரித்திரமே அதுதான். துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வந்தவர் கண்ணெதிரே தாத்தா கொளுத்துவார். அசல் பட்டென்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடிந்துவிடும். கலப்படமென்றால் உருகிக் கட்டிதட்டிவிடும். கடைவீதியில் அவருக்கு நெருப்புக்காரர் என்றே பெயர். கடைப் பையில் அச்சடித்திருப்பதும் ஒரு தீக்குச்சிதான்.

ஆனால் பேரன் கையில் எரிந்தது அந்தத் துணியின் நூல் இல்லை. அதை உருவிய கையோடு மேசைக்கடியில் நழுவவிட்டிருந்தான். எரிந்தது, கடிகாரப் பட்டைக்கு அடியில் காலையிலேயே செருகிவைத்த வேறொரு அசல் பட்டு நூல்.

இந்த முறை வந்த சரக்கு முழுக்கக் கலப்படம். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள். வெளியே சொன்னால் மூன்று தலைமுறைப் பெயர் நாறிப்போகும்.

சாம்பல் பொடிந்தது. அம்மாள் பூரித்துப்போனாள். காரில் இருக்கும் மகளும் இதைப் பார்க்க வேண்டும், கூட்டி வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனாள்.

அவன் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் சுவரில் தாத்தா படம். அறுபது வருடத்தில் அந்த மேசையில் நடந்த முதல் பித்தலாட்டம் தன்னுடையது என்று நினைத்தபோது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

போதாக்குறைக்கு மூலை சோபாவில் அத்தை. தாத்தாவின் செல்ல மகள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து தாத்தா பக்கத்திலேயே நின்று வளர்ந்தவள். ரவிக்கைத் துணி பார்க்க வந்தவள், இவ்வளவு நேரம் இவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து வந்தாள். நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தான். திட்டினால் கொஞ்சம் பாரம் குறையும்.

அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"வாட்ச்ல வெச்சா எடுக்கும்போது தெரியுதுடா. உங்க தாத்தா சட்டைக் கை மடிப்புலதான் வெச்சுப்பாரு. தினமும் நான்தான் செருகி விடுவேன்."

குழம்பில் உப்பு குறைவு என்பதுபோலச் சொன்னாள்.

கேவலம், அவனுக்கு நெஞ்சுக்குள் முதலில் 'அப்பாடா' என்றிருந்தது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் இழுப்பறையிலிருந்து இன்னொரு நூலை எடுத்துக் கொடுத்து, கையை அத்தையிடம் நீட்டினான். பழகிய விரல்கள் ஒரு நொடியில் செருகிவிட்டன.

கல்யாணப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணெதிரே நூல் எரிந்து பொடியானது. முகமெல்லாம் சிரிப்பாக, அந்தக் காலத்திலும் இப்படித்தான் செய்வார்களா என்று கேட்டாள்.

"ஆமாம்மா. தாத்தா காலத்துலேர்ந்து இப்படியேதான்."

அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உண்மை அது. அதைச் சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் துணியை மடிக்கத் தொடங்கினான்.