மொட்டை மாடித் தண்டனை

"ஏய் சஹர்! இன்னா உக்காந்துட்டே? எழுந்து மாடிக்குப் போ! மிளகாய் அத்தனையும் காம்பு கிள்ளி முடிச்சாத்தான் கீழே இறங்கணும், சொல்லிட்டேன்!"

மருமகளை விரட்டும் ஜஹீருன்னிசாவின் குரல் பக்கத்து வீட்டு ஹால் வரைக்கும் கேட்டது. கத்திரி வெயில், மத்தியானம் ரெண்டு மணி. ஆம்பூரில் அந்த நேரத்துக்கு நாய்கூட நிழலை விட்டு நகராது.

"கேட்டியா ஹேமா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சம்பூர்ணம், சோபாவில் சாய்ந்தபடி. "பொம்பளையா அது? தினம் இதே பொழப்பு. நேத்து தனியா, முந்தாநாள் மஞ்சள். வெயில்ல போட்டா அதுபாட்டுக்குக் காயப்போவுது, காம்பை நிழல்ல உக்காந்து கிள்ளக்கூடாதா?"

"ஆமாங்க அத்தை" என்றாள் மருமகள் ஹேமலதா, பாத்திரம் துலக்கிக்கொண்டே.

"பெத்த பொண்ணுங்க ரெண்டு பேரும் லீவுக்கு வந்து ஜம்முனு ஏசியில படுத்திருக்குதுங்க. மருமகள்னா மட்டும் இளக்காரம். நான் என்னிக்காவது உன்னை வெயில்ல அனுப்பியிருக்கேனா? எம் பொண்ணு மாதிரி இல்ல வச்சிருக்கேன்! இந்த ஃபேனைக் கொஞ்சம் வேகமா வை. அப்படியே ஒரு டம்ளர் மோர் கொண்டா. சாயந்திரத்துக்கு முறுக்கு மாவு பிசையணும், மறந்துடாதே."

ஹேமலதா ஃபேனை வேகமாக வைத்தாள். மோர் கொடுத்தாள். மாவைப் பிசைந்து மூடி வைத்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தை, நான் நேத்து மாதிரி போய் சஹருக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணிட்டு வரட்டுமா? பாவம், ஒருத்தியா செய்யுது."

"போ, போ. இந்த இரக்க குணம் என்கிட்டருந்துதான் உனக்கு வந்திருக்குது."

ஹேமலதா போய்விட்டாள். சம்பூர்ணம் கண்ணை மூடினாள். தூக்கம் வரவில்லை. ஐயையோ, இப்போது நம்ம வீட்டுப் பொண்ணும் இல்ல அந்த வெயிலில் சேர்ந்து வேகுது!

விடுவிடுவென்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இன்றைக்கு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான்.

ஜஹீருன்னிசா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பேரப்பிள்ளைகள் செல்போனுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏசி ரூமுக்குள் மகள்களின் சிரிப்புச் சத்தம்.

"ஜஹீரக்கா! நல்லா இருக்குதா நீங்க செய்யறது? அதுவும் ஒரு வீட்ல செல்லமா வளர்ந்த..."

ஜஹீருன்னிசா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"மெதுவா பேசு! எம் பொண்ணுங்க காதுல விழுந்தா எல்லாம் போச்சு."

"விழட்டுமே! எனக்கு இன்னா பயம்?"

"மேலே வா. பாத்துட்டு அப்புறம் எவ்ளோ வேணா கத்து."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாள். மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. பழைய புடவை மேல் மிளகாய் பரப்பிக் கிடந்தது. ஆள் யாரையும் காணோம்.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு சின்ன ரூம். ஜன்னலில் நனைத்த கோணிப்பை தொங்கியது. ஜஹீருன்னிசா கதவைச் சத்தமில்லாமல் கொஞ்சமாகத் திறந்தாள். ஜில்லென்று காற்று வந்தது.

உள்ளே ஏர்கூலர் ஓடிக்கொண்டிருந்தது. பாயில் குப்புறப் படுத்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, சஹர் நாவல் படித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"விடிஞ்சா அடுப்படிதான் அவளுக்கு" என்று கிசுகிசுத்தாள் ஜஹீருன்னிசா. "ஒருத்திக்குச் சாயா, ஒருத்திக்கு ரொட்டி, பிள்ளைங்களுக்கு நூடுல்ஸ். எம் பையன் முஸம்மில் ஷூ கம்பெனில ஷிப்மென்ட்டு, ஓவர்டைம்னு வீட்லயே இருக்கறதில்ல. இவளுக்குக் கதைபுக்குன்னா உசுரு. கொஞ்ச நேரம் படிச்சா போதும், ஊருக்குப் போய்ட்டு வந்தவ மாதிரி மூஞ்சி தெளிஞ்சிடுது."

"அதுக்கு ஏன் ஊரே கேக்கற மாதிரி திட்டறீங்க?"

"பொண்ணுங்க எதிர்ல 'போம்மா, போய்ப் படி'ன்னு சொல்ல முடியுமா? எங்களைவிட அவ ஜாஸ்தியான்னு பிடிச்சுக்குவாங்க. லீவு முடியறவரைக்கும் வீடு ஒரே பேஜார்தான். திட்டி மாடிக்குத் துரத்தினா பாவம்னு விட்டுடறாங்க. இந்த வெயில்ல ஒருத்தியும் பின்னாடி ஏறி வரவும் மாட்டா."

"அப்ப மிளகாய்க் காம்பு?"

"அதை நான் விடியக்காலையிலேயே கிள்ளிட்டேன்."

சம்பூர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுக்குங்க அக்கா. உங்களைப் போய் என்னென்னவோ நெனச்சிட்டேன். எங்க ஹேமாவும் வெயில்ல நிக்குதேன்னுதான் பதறிக்கிட்டு வந்தேன். ஆமா, அவ எங்கே?"

ஜஹீருன்னிசா கதவை இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் தடிமனான புத்தகத்தோடு ஹேமலதா. அந்த முகத்தில் இருந்த சிரிப்பைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சம்பூர்ணம் பார்த்ததே இல்லை.

"ஹேமாக்கா, எங்கே இருக்கீங்க?" என்று தலையைத் தூக்காமலே கேட்டாள் சஹர்.

"இன்னும் ரயில்லதான். இப்பத்தான் மலையேறுது. நீ?"

"இங்கே மழை கொட்டுது."

இருவரும் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள்.

சம்பூர்ணத்துக்கு நம்பவே முடியவில்லை. "இவளுக்குப் புக்கு படிக்கப் பிடிக்குமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

ஜஹீருன்னிசா கதவை மெல்லச் சாத்தினாள்.

"எம் மருமக எம் பொண்ணுங்களுக்குப் பயந்து இங்கே ஒளியறா. உன் வீட்ல பகல்ல உன்னைத் தவிர யாருமே இல்லையே சம்பூர்ணம், ஹேமா யாருக்குப் பயந்து வந்து ஒளியறா?"